இறுகிப்போன சீட் பில்லர்

மே 3

சைக்கிள் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடக்கும் பழைய வண்டிகளை எல்லாம் ஒழித்துக்கொண்டிருக்கிறார்களாம். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று போன் செய்தார்கள். சரக்கு ஆட்டோக்காரர் அதை என் வாசலில் இறக்கிவிட்டு, "டீச்சர், இத இரும்புக் கடைக்கில்ல கொண்டு போவணும், வீட்டுக்கா கொண்டாந்தீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

முன்சக்கரம் சுட்ட அப்பளம் மாதிரி மடங்கியிருக்கிறது. ஹேண்டில்பார் ரப்பர் இளகிக் கையில் ஒட்டுகிறது. செயின் துருவேறி ஒரே குச்சியாக நிற்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எழுந்திருக்கும் முன்பே என் கணவர் சம்பத் இந்த மலை சைக்கிளில் ஏறிப் போனார். கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே உண்ணிச்செடிப் புதரில் சைக்கிள் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அதற்கும் கீழே ஆறு, அன்றைக்கு நல்ல மழை. எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். போலீசுக்குத் தெரிந்ததும் இதேதான்.

இதை நான் கேட்டு வாங்கவில்லை. சம்பத்தின் அம்மா, என் அத்தை, கேட்டார்.

மே 4

அத்தை போட்ட நிபந்தனையை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மறந்துவிட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது.

ஜூனில் என் வழக்கு கோர்ட்டில் வருகிறது. ஒரு ஆளைப் பற்றி வீட்டாருக்கு ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கருதி உத்தரவு வாங்கலாம். எதிர்த்தரப்பு என்று இருப்பது சம்பத்தின் அம்மா ஒருவர்தான். 'என் மகன் உயிரோடு இருக்கிறான்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் ஒத்துக்கொண்டால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும், இல்லையென்றால் இழுக்கும் என்கிறார் வக்கீலம்மா. முடிந்தால் நான் ஜெயசீலனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். நாற்பத்திரண்டு வயதுக்காரி இதை இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

நேற்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து போன்.

"ஏ அம்மிணி, அவன் வண்டியக் குப்பையில போட்டுப்போட்டு, அவனையும் செத்தவன்னு நான் வந்து சொல்லோணுமாக்கும்? மொதல்ல அந்தச் சைக்கிளப் பழையபடி ஆக்கி வை. நான் வந்து பாக்கறேன். பாத்துப்போட்டு ஒரு முடிவு சொல்றேன்."

"அத்தை, அது சரி பண்ற நிலைமையில இல்ல."

"நீ டீச்சருதான கண்ணு. பண்ணு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அந்த மனுஷியிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை, சம்பத் உட்பட.

மே 6

இன்று பிரித்துப் போட்டேன். சம்பத்தின் ஸ்பேனர் பை அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அதை இடுப்பில் கட்டிக்கொள்கிற ஆள். மறந்திருப்பார்.

சக்கரங்கள், பிரேக், பெடல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பிரேமின் அடியில் பெடல் அச்சு உட்காரும் கிண்ணத்தையும் கழற்றிவிட்டுப் பிரேமைச் சாய்த்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. தேயிலைக் கஷாயம் மாதிரி பழுப்பாக, ஒரு சொம்பு அளவுக்கு. குழாய்களுக்குள் புகுந்து தங்கிய மழை. எந்த வருஷத்து மழையோ. அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. கடைசியில் ரோஜாத் தொட்டியில் ஊற்றினேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு என்று.

மே 7

ஜெயசீலன் வந்தார். கடைவீதியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சம்பத்தின் நெருங்கிய நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகத்தான் மலையைச் சுற்றுவார்கள். அந்த ஞாயிறு மட்டும் அவருக்குக் காய்ச்சல், போகவில்லை. அதையே சொல்லிச் சொல்லி முதல் வருஷமெல்லாம் மாய்ந்து போனார். நான்தான் தேற்றினேன்.

ஏழு வருஷமாக எனக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கிப் போட்டவர், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கோவைக்கும் குன்னூருக்குமாக அலைந்தவர். இன்னமும் 'நீங்க வாங்க'தான். கல்யாணம் ஆனாலும் இப்படித்தான் இருக்கும்போல. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா, "பூங்கொடி, உங்க ரெண்டு பேருக்கும் உயரப் பொருத்தம் கச்சிதமா இருக்கு, அளந்து எடுத்த மாதிரி" என்று கிண்டல் செய்வார். நிஜம்தான், இருவரும் ஒரே உயரம். சம்பத் பக்கத்தில் நின்றால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே கயிற்றில் தொங்கிய பிரேமைப் பார்த்ததும் சீலன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஆகாதா பின்னே.

"இத எதுக்குங்க வச்சுக்கிட்டு? புதுசா ஒரு பிரேம் வாங்கி இதே கலர் அடிச்சு நிறுத்திடலாம். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"அத்தையை ஏமாத்தணுமா?"

"ஏமாத்தறதுன்னு இல்லீங்க..." என்று இழுத்தவர், டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

மே 8

பிரேம் ஊதுகிறது. பொய் இல்லை. பாட்டில் வாயில் ஊதினால் வரும் சத்தம். காற்று ஏறினால் குழாய்களின் திறந்த வாய்களில் பட்டு ஊ என்கிறது. காரணம் தெரியும், வகுப்பில் விளக்கியும் சொல்வேன். ஆனால் சமையற்கட்டில் நின்று தோசை ஊற்றும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் காரணம் உதவிக்கு வருவதில்லை. தோசை தீய்ந்தது. பழைய துணியைக் கிழித்து எல்லா ஓட்டையையும் அடைத்தேன்.

மே 10

எல்லாம் கழன்றது, சீட் பில்லர் கழலவில்லை. சீட்டைத் தாங்கும் குழாய்க்குச் சைக்கிள் கடைகளில் அப்படித்தான் பெயர். பிரேம் இரும்பு, பில்லர் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, பூத்து, உள்ளேயே கெட்டிப்பட்டுவிடும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பில்லரை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அளவு சரியில்லாத சாவியைப் போட்டு எவனோ திருகு திருகென்று திருகி, அதன் அறுகோணப் பள்ளத்தையே வட்டமாக்கி வைத்திருக்கிறான். எவன் கை வைத்தானோ என்று வாய் வலிக்கத் திட்டினேன். சம்பத் பார்த்திருந்தால் ரத்தக்கண்ணீர் விட்டிருப்பார்.

மே 11

எண்ணெய் விட்டேன். வெந்நீர் ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. நானும் விடுவதாக இல்லை.

மே 13

பில்லர் ஊறட்டும் என்று விட்டுவிட்டு உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்தேன். கறுப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே ஆரஞ்சு. சம்பத் இதைப் பெங்களூரில் யாரிடமோ பழையதாக வாங்கினார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் ஓட்டினார்களோ. மேல்குழாயில் ஒரு நசுங்கல். அது நீலத்தோடு சேர்ந்து நசுங்கியிருக்கிறது, கறுப்பு அதன்மேல் வழுவழுப்பாக ஓடுகிறது. ஆக அது பழைய ஆள் விழுந்தது. சம்பத் விழுந்தது எது என்று தேடினேன்.

இதையும் எழுதித் தொலைக்கிறேன். ஏழு வருஷமாக நான் ஒரு நாள் விடாமல் அவர் விழுவதைப் பார்க்கிறேன். கண்ணை மூடினால் அந்த வளைவு, ஈரத் தார், முன்சக்கரம் வழுக்குவது. விழும்போது கூப்பிட்டாரா? என் பெயரைச் சொல்லியா, அம்மா என்றா? கீழே உயிரோடு எவ்வளவு நேரம் கிடந்தார்? நாங்கள் மேலே நின்று தேடியபோது எங்கள் குரல் அவருக்குக் கேட்டதா? வகுப்பில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே இது வந்துவிடும். பிள்ளைகள் சாக்பீஸ் நின்றுவிட்டதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

மே 15

பில்லரைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். சம்பத் அதில் அரத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். வாங்கிய வாரமே, சமையலறை வாசலில் உட்கார்ந்து, என் காது கூச அறுத்துப் போட்ட கோடு. "சீட்டு இந்தக் கோட்டுலதான் நிக்கணும், ஒரு விரக்கடை கூடக் குறையக் கூடாது, குறைஞ்சா முழங்கால் போயிரும்" என்பார். இறக்கத்தில் மற்றவர்கள் எல்லாம் சீட்டை இறக்கிக்கொள்வார்கள், அவர் அப்போதும் இறக்க மாட்டார். யாரையும் தொடவும் விட மாட்டார்.

கோடு இல்லை. அழுக்காக இருக்கும் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது, கோடு இல்லை.

மே 16

கோடு உள்ளே இருக்கிறது. பில்லர் அந்த அளவுக்குக் கீழே இறங்கி இறுகியிருக்கிறது. ஸ்டேஷனில் யாராவது இறக்கியிருப்பார்கள்.

சீசன் கூட்டம் தாங்க முடியவில்லை. காய் வாங்கப் போய் வர அரை நாள். கேரட் அல்வா செய்தேன்.

மே 18

ஸ்டேஷனில் யார் இறக்குவார்கள்? முன்சக்கரம் அப்பளமாக மடங்கிய சைக்கிளில் யார் ஏறி ஓட்டப் போகிறார்கள்? ஓட்டாதவன் எதற்குச் சீட்டை இறக்குவான்?

ஆக அது விழுவதற்கு முன்பே இறங்கியிருக்கிறது.

ரோஸ்லின் அக்கா பேரனுக்குக் காதுகுத்தாம். மொய் கவர் வாங்க வேண்டும்.

மே 19

சக்கரம் இல்லாத பிரேமைச் செங்கல் அடுக்கிச் சரியான உயரத்துக்கு நிறுத்தினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பெடல் வர வேண்டிய இடத்துக்கு என் கால் கச்சிதமாகப் போகிறது. எனக்கென்றே அளந்து வைத்த மாதிரி.

இறங்கிவிட்டேன். உள்ளே போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டேன். மழைக்குளிர்.

மே 20

சீலன் போன் செய்தார், எடுக்கவில்லை. தலைவலி.

மே 21

இரும்புக்குள் மாட்டிய அலுமினியத்துக்கு ஒரே வைத்தியம் காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைத்துவிடும், இரும்பை ஒன்றும் செய்யாது. போன வாரமே சீலன் கடையில் ஒரு டப்பா சொல்லி வைத்திருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. கரைத்துவிட்டால் அந்த உயரமும் போய்விடும்.

மே 23

அந்த டப்பாவோடு சீலன் வந்தார். நான் கூப்பிடாமல்.

பின்பக்கம் நேராகப் போனார். செங்கல்மேல் நிற்கிற பிரேமைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். பிறகு ரொம்ப சாதாரணமாக, "இன்னைக்கே ஊத்திடலாங்க. நீங்க உள்ள போங்க, நான் பாத்துக்கறேன். இது கையில பட்டாச் சதையைத் தின்னுடும்" என்றார். பதினாறு வருஷமாகக் கெமிஸ்ட்ரி எடுப்பவளுக்குக் காஸ்டிக் சோடாவைப் பற்றிப் பாடம்.

அதுவரை நான் ஒன்றும் கேட்பதாக இல்லை. சத்தியமாக இல்லை. வாய் தானாகக் கேட்டது.

"அந்த வளைவு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனீங்களா, தள்ளிக்கிட்டுப் போனீங்களா?"

டப்பாவைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தார். தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

"ஓட்டிக்கிட்டுத்தான் போனேன்" என்றார். "தள்ளிக்கிட்டுப் போனா யாராவது பாத்து ஞாபகம் வச்சுப்பாங்கன்னு சம்பத் சொன்னான்."

சம்பத் சொன்னான். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எல்லாம் வந்தது. அன்று காலை சம்பத் வீட்டிலிருந்து நேராகச் சீலன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு பை இருந்திருக்கிறது. துணி மாற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் போகும் காய்கறி லாரியில் ஏறியிருக்கிறான். சைக்கிளை வளைவில் தள்ளிவிடு, மற்றதை மழை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு. சீலனுக்குக் கால் எட்டவில்லை. கடைச்சாவி ஒன்றைப் போட்டுத் திருகிச் சீட்டை இறக்கியிருக்கிறார்.

"எதுக்காகப் போனான்?"

"நானும் கேட்டேங்க. இங்க மூச்சு முட்டுதுன்னான். அவ்வளவுதான். உங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்லலை."

குறை சொல்லியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன்.

"அப்புறம் பேசினானா?"

"ஒரே ஒரு தடவை. மூணாவது வருஷம், ஏதோ ஒரு நம்பர்ல இருந்து. கேஸை மூடிட்டாங்களான்னு கேட்டான். இல்லைன்னேன். வச்சுட்டான். மறுபடி கூப்பிட்டா அந்த நம்பர் இல்லை."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லைங்க."

ஆற்றில் இறங்கித் தேடியவர்களோடு சீலனும் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "சம்பத், சம்பத்" என்று கத்தினார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் கட்டிக்கணும்னு நெனச்சு நான் அதைச் செய்யலைங்க. அது அப்புறம் வந்தது. சத்தியமா."

"நெனச்சீங்கன்னு நான் சொல்லலையே. கிளம்புங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க."

போய்விட்டார். குடையை மறந்துவிட்டுப் போனார். எடுத்து வெளியே கேட்டில் மாட்டினேன்.

மே 24

ஏழு வருஷம் அந்தப் பள்ளத்தில் நான்தான் விழுந்துகொண்டே இருந்திருக்கிறேன். அவன் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறான்.

மே 26

செத்தவன் பயமுறுத்தியதைவிட உயிரோடிருப்பவன் அதிகம் பயமுறுத்துகிறான். இன்று மார்க்கெட்டில் முன்னால் போன ஒவ்வொரு உயரமான ஆளின் முகத்தையும் திரும்பிப் பார்த்தேன். எந்த ஊரில் இப்போது பல் தேய்க்கிறான், யார் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்கிறான் என்றெல்லாம் தோன்றுகிறது. துணி துவைக்கும்போதே அழுகை வந்தது, கோபத்தில். பிரேமின் ஓட்டையில் அடைத்த துணி ஒன்று விழுந்து, மறுபடி ஊத ஆரம்பித்துவிட்டது. போய் அதை ஒரு உதை உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

மே 28

தீர யோசித்தேன். வக்கீலம்மாவிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். நடுவில் ஒரு தடவை பேசினான் என்று தெரிந்தால் அந்த நாளிலிருந்துதான் ஏழு வருஷம் என்றார்.

சீலன் கதை முடிந்தது. இனி எனக்கு யாரையும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் வழக்கை விட மாட்டேன். அவன் பாடுபட்டு, ஆள் வைத்துச் செத்தான். அதை அவனுக்கு எழுத்தில் வாங்கிக் கொடுக்கிறேன். நானும் என் பெயருக்குப் பக்கத்தில் விதவை என்றோ வேறு ஏதாவது ஒன்றையோ எழுதிக்கொண்டு மூச்சு விடுகிறேன்.

அத்தையிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால், "பாத்தியா, நான் சொன்னனல்லோ" என்று கோர்ட்டில் வந்து நிற்பார். சைக்கிளைக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 1

கரைத்தேன். வாய்க்கும் மூக்குக்கும் துணி, கையில் உறை. பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பில்லரின் வாயை லேபிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கார்க்கால் அடைத்து, அடிக்கிண்ணம் வழியாகக் கரைசலை ஊற்றினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே கொதிக்கிற சத்தம், ஆவி, கறுப்பு நுரை. குழாயைத் தொட முடியாத சூடு. ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, சாயங்காலம் வரை நடந்தது. கடைசியில் மிச்சம் ஒரு தகடுபோலப் பிய்ந்து வந்து விழுந்தது. அதில் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதுவும் நுரையோடு போயிருக்கிறது.

வினிகர் விட்டுக் கழுவினேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜூன் 5

பள்ளி திறந்தாகிவிட்டது. மாலையில் பிரைமர் அடிக்கிறேன். கடைவீதியில் வேறு கடையில் பெயிண்ட் வாங்கினேன், சீலன் கடைக்கு எதிர்ச் சாரியில். கல்லாவிலிருந்து பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 9

கறுப்பே அடித்தேன். பழையபடி என்றால் பழையபடி. நசுங்கலை மட்டும் அடைக்காமல் விட்டேன். சக்கரம், செயின், பிரேக் கோவையிலிருந்து வரவழைத்து, வண்டிப்பேட்டைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் பூட்டி வாங்கினேன். புதுப் பில்லரை எந்த உயரத்தில் வைக்க என்று கடைக்காரர் கேட்டார். என் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். சம்பத் உயரம்.

ஜூன் 14

அத்தை வந்தார். கோபியிலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு பையில் துணி, ஒரு பையில் தேங்காயும் முருங்கைக்காயும். வந்ததும் காப்பி வேண்டாம் என்றார். "சைக்கிளு எங்க?"

பின்பக்கம் நிறுத்தியிருந்தேன். சுற்றிச் சுற்றி வந்தார். பெல்லை ஒரு தடவை அடித்தார். பெடலைக் கையால் சுற்றினார். சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை.

"நல்லாப் பண்ணியிருக்கற அம்மிணி. புதுசாட்டவே இருக்குது." பிறகு, "இத்தன நல்லா நிக்கிறதப் பாத்தாத்தான் தெரியுது. இதுல ஏறோணும்னு அவன் இருந்தா இன்னேரம் வந்திருப்பான். போயிட்டான் கண்ணு. நான்தான் ஒத்துக்காம, உன்னையுஞ் சேத்துக் கட்டிப் போட்டிருந்தேன். என்னைய மன்னிச்சுக்கோ" என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டிருந்தால் முடிந்தது. கூப்பிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பை, லாரி, சீட்டு, போன், ஒன்று விடாமல்.

ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கேட்டார்.

"அந்தச் சீலன் பையன் பொய் கிய்யி சொல்றானோ?"

"இல்லை அத்தை. பொய் சொல்ற ஆள் அப்படி உக்காந்திருக்க மாட்டாங்க."

"பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு வாங்கிக்கிட்டு வந்து, எங்கையில சோறு வாங்கித் தின்னுட்டுப் போனானே அம்மிணி. நான் அவன்கிட்டத்தான அழுதேன்."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"போன் பண்ணுனானில்லோ. என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டானாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை அத்தை" என்றேன்.

"உன்னைய?"

"இல்லை."

தலையை ஆட்டினார். உள்ளே போய், பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

ஜூன் 15

பள்ளிக்குப் போய் வந்தேன். வீடு முழுக்கத் துடைத்து, ஜன்னல் கம்பியெல்லாம் கழுவி வைத்திருந்தார். சாயங்காலம், "கோர்ட்டுக்கு எத்தன மணிக்குப் போவோணும்?" என்றார்.

"வேண்டாம் அத்தை. நான் வாபஸ் வாங்கிக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே உங்களை அங்க கொண்டுபோய் நிறுத்த முடியாது."

"மணி கேட்டேன்."

"பத்தரைக்கு."

ஜூன் 17

ரோஸ்லின் அக்காவும் கூட வந்தார். கோர்ட் வாசலில் ஒரு மரத்துக்குக் கீழே சீலன் நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அத்தை அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். "அம்மா" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அத்தை நிற்கவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை.

உள்ளே நெடுநேரம் காக்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அத்தை கூண்டில் ஏறி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். மகன் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"அது அப்பங்க. இப்ப இல்லீங்க. செத்துப்போயிட்டானுங்க."

"எதை வைத்து மாற்றிச் சொல்கிறீர்கள்? யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லீங்க."

"பிறகு?"

"உசுரோட இருந்தா எங்கிட்ட வராம இருப்பானுங்களா?"

குரல் நடுங்கவில்லை. நீதிபதி அம்மா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். அடுத்து என்னைக் கேட்டார்கள், ஏதாவது தகவல் உண்டா என்று. எதிரே பெஞ்சில் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் ரோஸ்லின் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. மூன்று பேரும் போய் இட்லி சாப்பிட்டோம்.

அத்தை அன்றைக்கே ஊருக்குப் போக வேண்டும் என்றார். ரெண்டு நாள் இருங்கள் என்றேன், மாட்டுக்கு ஆள் இல்லை என்றார். பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பனி இறங்கி, எதிரே நின்ற பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. அத்தை ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி மூடினார். மறுபடி கொஞ்சம் திறந்தார்.

"ஏ அம்மிணி."

"சொல்லுங்க அத்தை."

"அன்னைக்கு லாரியில ஏறுறப்ப அவன் ஸ்வெட்டர் போட்டிருந்தானாமா? அந்தப் பையன் ஏதாச்சும் சொன்னானா? மழைன்னு சொன்னியே."

அதை நான் சீலனிடம் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

"போட்டிருந்தாராம் அத்தை. தலைக்குக் குல்லாவும் போட்டிருந்தாராம்."

"அப்பச் செரி" என்று கண்ணாடியை மூடிக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை நான் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.